ஔவையின் வயது

கே.பி. சுந்தராம்பாளைப் பற்றித் தமிழில் இரண்டு விதமாகத்தான் பேசுகிறார்கள். ஒன்று விழா மலர்ப் பேச்சு. வெண்கலக் குரல், கற்பின் திருவுரு, கணவன் போன பிறகு வெள்ளைச் சேலை தவிர வேறு உடுத்தாத உத்தமி. மற்றது நம்முடைய சிறு வட்டத்துப் பேச்சு. அது சினிமாவே அல்ல, காமிரா முன் நிறுத்திப் பிடித்த நாடகம். பாட்டு நன்றாயிருக்கும், அதோடு சரி. முதல் பேச்சில் விமர்சனத்துக்கு இடமில்லை. இரண்டாவதில் விமர்சனத்தின் தோரணை இருக்கிறது, படத்தைப் பார்த்த சுவடு இல்லை. இரண்டு பேச்சும் அவரை ஒரு குரலாகச் சுருக்கிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. அந்தக் குரல் எப்படிப்பட்ட உடம்பில் குடியிருந்தது, தமிழ் சினிமா அந்த உடம்பை என்ன செய்தது என்று கேட்பதில்லை. எனக்கு அந்தக் கேள்வி முக்கியமாகப் படுகிறது.

அவர் நடித்த படங்களை ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பார்த்தாலே போதும். 1935, நந்தனார்: ஆண் வேடம், சேரியில் பிறந்த பண்ணையாள். 1940, மணிமேகலை: தன்னை விரும்பும் இளவரசனிடமிருந்து வேற்றுரு எடுத்துத் தப்பித்து, முடிவில் பௌத்தத் துறவியாகிறவள். 1953, ஔவையார்: கிழவி. 1964, பூம்புகார்: கவுந்தியடிகள், சமணத் துறவி. 1965இல் திருவிளையாடல், 1967இல் கந்தன் கருணை: மறுபடியும் ஔவை. 1973, காரைக்கால் அம்மையார்: சதையை உதறிவிட்டுப் பேயுருக் கொண்டவள். இடையில் வேறு சில வேடங்கள் உண்டு; ஆனால் பெயர் நிலைத்தவை இவைதாம். ஏறக்குறைய நாற்பது வருஷம். ஆண், துறவி, கிழவி, பேய். பெண்ணுடம்பு என்பது எங்கெல்லாம் மறைக்கப்படுகிறதோ, மாற்றப்படுகிறதோ, களையப்படுகிறதோ, அங்கெல்லாம் சுந்தராம்பாள் நிற்கிறார். முதல் படம் வந்தபோது அவருக்கு இருபத்தேழு வயதுகூட நிரம்பியிருந்ததா என்பது சந்தேகம்.

இதைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட எனக்கு மனசில்லை. பக்தி என்று சொல்லிக் கும்பிட்டுவிடவும் மனசில்லை.

கொடுமுடி ஈரோட்டுக்கும் கரூருக்கும் நடுவே காவிரிக் கரையில் இருக்கிறது. பங்குனி உத்திரத்துக்குப் பழனிக்குத் தீர்த்தக் காவடி எடுக்கிற எங்கள் பக்கத்து ஜனங்கள் அங்கே வந்துதான் காவிரித் தண்ணீரை முகந்து கலசம் கட்டுவார்கள். சுந்தராம்பாள் அங்கே 1908இல் பிறந்தார். தகப்பனை இழந்த ஏழைக் குடும்பம். ரயிலில் பாடிக்கொண்டு வந்த சிறுமியை ரயில்வே அதிகாரியும் நாடகக்காரருமான எஃப்.ஜி. நடேச ஐயர் கேட்டு நாடகத்தில் சேர்த்துவிட்டார் என்று ஒரு கதை வழங்குகிறது. வேலு நாயர் கம்பெனி, சிறுவன் வேடங்கள், பிறகு ஸ்திரீபார்ட், ராஜபார்ட் என்று வளர்ந்து, இருபது வயதுக்கு முன்பே இலங்கையில் பெயர் வாங்கிவிட்டார். செங்கோட்டை கிட்டப்பா அங்கேதான் வந்து சேர்ந்தார். அவருக்கு ஏற்கெனவே மனைவி உண்டு. 1927இல் மாயவரத்தில் கல்யாணம். பிறந்த குழந்தை தங்கவில்லை. பிரிவு வந்தது. அந்தக் காலத்தில் சுந்தராம்பாள் கிட்டப்பாவுக்கு எழுதிய கடிதங்கள் பின்னாளில் அச்சாகியிருக்கின்றன. ஏக்கம், தாங்கல், குத்தல், உரிமையோடு கேட்கிற கேள்வி எல்லாம் கலந்து வரும் கடிதங்கள் அவை. 1933 டிசம்பர் 2ஆம் தேதி கிட்டப்பா இறந்தார். சுந்தராம்பாளுக்கு வயது இருபத்தைந்து.

இந்த வாழ்க்கையைச் சொல்பவர்கள் எல்லாரும் இந்த இடத்தில் நிறுத்திக் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். நான் இதற்குச் சற்று முன்னால் நிறுத்த விரும்புகிறேன். கலைஞர் என்ற முறையில் அவர் உருவானது அந்த ஆறேழு வருஷ மேடையில்தான்.

ஸ்பெஷல் நாடகம் என்பது ஒத்திகை இல்லாத நாடகம். ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் இன்னொரு ஊரிலிருந்து வருவார். சாயங்கால ரயிலில் இறங்கி ராத்திரி மேடையில்தான் சந்திப்பார்கள். கதையும் பாட்டும் சங்கரதாஸ் சுவாமிகள் போட்டுக் கொடுத்தவை. அதற்கு மேல் எல்லாமே தர்க்கம். வள்ளி திருமணத்தில் தினைப்புனம் காக்கிற வள்ளியிடம் முருகன் வேடனாக வருவான், விருத்தனாக வருவான், அவள் விடமாட்டாள். அவன் ஒரு பாட்டில் கேட்டால் அவள் ஒரு பாட்டில் திருப்புவாள். அவன் ஒரு ஸ்வரம் மேலே போனால் அவளும் போவாள். எதிராளி மடக்குவதை அந்த க்ஷணத்தில் திருப்பத் தெரியாதவர் மறு வருஷம் அந்த ஊருக்கு வரமுடியாது. மைக் இல்லை. விடிய விடிய, கடைசி வரிசையில் துண்டை விரித்துப் படுத்திருப்பவனுக்கும் கேட்க வேண்டும். கிட்டப்பாவின் சுருதி அந்நாளில் பிரசித்தம். அதற்கு ஈடாக, அதே உச்சத்தில், அவரை மடக்கிப் பாடிய பெண் என்பதுதான் சுந்தராம்பாளின் முதல் கீர்த்தி. அந்தக் குரல் பூஜை அறையில் உண்டானதல்ல. காதலனோடு ஊரறியச் சண்டை போட்டதில் உண்டானது. அது நயப்பதில்லை, அறைகிறது. ஒரு சொல்லைப் பிடித்து அதன் கடைசி உயிரெழுத்தை நீட்டி நிறுத்தி, பதில் சொல் என்பதுபோல் காத்திருக்கிறது. அவருடைய எந்தப் பாட்டை வேண்டுமானாலும் கேளுங்கள், யாரோ எதிரில் நிற்கிற பாவனை அதில் இருக்கும்.

1933இல் எதிரில் நின்றவர் போய்விட்டார்.

அதே 1933 டிசம்பரில் அமெரிக்காவில் ஒரு படம் வெளிவந்தது. குவீன் கிறிஸ்டினா. ஸ்வீடன் தேசத்து ராணியாக நடித்தவர் ஸ்வீடனில் பிறந்த கிரேட்டா கார்போ. அதிலும் ஆண் உடை உண்டு. அதிலும் காதலன் இறக்கிறான். அரச பதவியைத் துறந்து வந்தவள், அவன் சடலம் கிடக்கும் கப்பலின் முனையில் போய் நிற்கிறாள். காமிரா அவள் முகத்தை நோக்கி மெல்ல நெருங்குகிறது, நெருங்கி அங்கேயே நிற்கிறது. அழுகை இல்லை, சிரிப்பு இல்லை. எதையும் நினைக்காதே, முகத்தை வெற்றுத் தாளாக வைத்துக்கொள் என்று டைரக்டர் மாமூலியன் சொன்னாராம். பார்க்கிறவன் அந்தத் தாளில் தன்னுடைய துக்கத்தை எழுதிக்கொள்கிறான். இந்த முகத்தைப் பற்றி ரோலான் பார்த் ஒரு சின்னக் கட்டுரை எழுதியிருக்கிறார். ஐரோப்பிய சினிமா விமர்சனத்தில் முகம் என்பது ஒரு பெரிய விஷயம்.

கொடுமுடிக்காரியையும் ஸ்டாக்ஹோம்காரியையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துவது சிலருக்கு வேடிக்கையாக இருக்கும். ஒப்புமையைவிட வேற்றுமைக்காகவே நிறுத்துகிறேன். இருவரும் ஏழைக் குடும்பத்துப் பெண்கள். கார்போ 1905, சுந்தராம்பாள் 1908. இருவரும் பேரம் பேசத் தெரிந்தவர்கள். கார்போ பெரிய கம்பெனியோடு மல்லுக்கட்டித் தன் நிபந்தனைகளைச் சாதித்துக்கொண்டார். கிறிஸ்டினாவில் தனக்கு ஜோடி யார் என்பதையும் அவரே தீர்மானித்தார். இருவரும் துறந்தார்கள். கார்போ 1941இல், முப்பத்தாறு வயதில், சினிமாவையே விட்டுப் போய் 1990இல் இறக்கும்வரை திரும்பவில்லை. அந்த முகம் திரையில் கிழமாகக் கூடாது என்று விட்டதாகவே உலகம் எடுத்துக்கொண்டது. சுந்தராம்பாள் தலைகீழாகச் செய்தார். சினிமாவுக்குள் வரும்போதே முகத்தை, இளமையை, உடம்பை வாசலில் விட்டுவிட்டு வந்தார். கார்போவின் முகம் முப்பத்தாறிலேயே நின்றுவிட்டது. சுந்தராம்பாளின் உருவமோ இருபத்தேழிலேயே முதுமைக்குப் பிரயாணம் கிளம்பிவிட்டது.

இதில் சினிமாவின் சரித்திரமும் கலந்திருக்கிறது. கார்போ பேசாப் படத்தில் வளர்ந்தவர். 1924இல் ஸ்வீடனில் ஸ்டில்லர், 1925இல் ஜெர்மனியில் பாப்ஸ்ட் என்று பெரிய டைரக்டர்களின் காமிரா முன்னால், சொல் இல்லாமல், கண்ணிமையாலும் தோளாலும் பேசப் பழகியவர். 1930இல்தான் அவர் குரல் திரையில் கேட்டது. நமக்கு அந்தப் பள்ளிக்கூடம் சரியாக வாய்க்கவில்லை. கொங்கு நாட்டுக்குள் சினிமா என்னவோ ஐரோப்பாவிலிருந்து நேரடியாகத்தான் வந்தது. கோவைக்காரர் சாமிக்கண்ணு வின்சென்ட் திருச்சியில் ரயில்வே உத்தியோகத்தில் இருந்தபோது, 1905இல், டூபான் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து ஒரு புரொஜக்டரையும் ஏசுவின் வாழ்க்கை முதலிய சுருள்களையும் விலைக்கு வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் அடித்துக் காட்டினார். 1914இல் கோவையில் வெரைட்டி ஹாலைக் கட்டினார். ஆக, நம் ஜனங்கள் அந்நிய முகங்களைச் சத்தமில்லாமல் பார்த்துப் பழகியிருந்தார்கள். ஆனால் 1931இல் தமிழ்ப் படம் பேச ஆரம்பித்தபோது முதலாளிகள் தேடிப்போனது முகங்களை அல்ல, நாடக மேடையின் குரல்களை. காமிரா அந்தக் குரல்களுக்கு முன்னால் கைகட்டி நின்றது. பல வருஷம் அப்படியே நின்றது.

நந்தனார் அதற்கு உச்ச உதாரணம். இனி எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்பது சுந்தராம்பாளின் விரதம். வடக்கேயிருந்து வந்த தயாரிப்பாளர் விடவில்லை. ஆளைத் துரத்துவதற்காக லட்ச ரூபாய் கேட்டாராம். அவர் சரி என்றுவிட்டாராம். அந்நாளில் ஒரு முழுப் படத்தையே அந்தப் பணத்தில் எடுத்துவிடலாம். இந்த லட்சத்தைப் பற்றித் தமிழ்நாடு பேசிய அளவுக்கு அந்தப் படத்தில் அவர் செய்ததைப் பற்றிப் பேசவில்லை. கல்கி ஆனந்த விகடனில் படத்தைக் கேலி செய்து எழுதியது வேறு விஷயம். வேதியராக நடித்தவர் மகாராஜபுரம் விசுவநாத ஐயர், பெரிய வித்வான். சிதம்பரம் போக உத்தரவு கேட்டு ஆண்டையிடம் கெஞ்சுகிற பண்ணையாளாக ஒரு பெண். அவளுக்கு எதிரே ஓர் ஆண் வித்வான். மறுபடியும் தர்க்கம்தான். ஆனால் சமமான இருவருடைய தர்க்கமல்ல இது. அனுமதி கேட்கிறவனுக்கும் மறுக்கிறவனுக்கும் நடக்கிற தர்க்கம். மேடையில் வள்ளியாக முருகனையே மடக்கியவர், சினிமாவுக்குள் நுழைய முதலில் கைகட்டி நிற்க வேண்டியிருந்தது என்பது என் கண்ணில் உறுத்துகிறது.

விரதம் அவருடையது, அதில் யாருக்கும் பேச்சில்லை. அதைச் சமூகம் எவ்வளவு சீக்கிரம் ஏற்றுக்கொண்டது என்பதுதான் எனக்குச் சந்தேகத்தைக் கிளப்புகிறது. 1933க்கு முன்னால் அவர் நாடகக்காரி. அந்தச் சொல்லில் என்னென்ன ஒட்டிக்கொண்டிருந்தது என்பது நாடகம் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்க் கால் கழுவிய எல்லாருக்கும் தெரியும். அதற்குப் பின் அவர் அம்மையார். இடையில் நிகழ்ந்தது ஒரு உடை மாற்றம். எங்கள் பக்கத்தில் அறுத்துக் கட்டாத குடிகளில் புருஷன் செத்தவளுக்கு வெள்ளைச் சீலை. அதைக் கட்டியவள் கல்யாண வீட்டில் முன்னால் நிற்கக் கூடாது, காடு கரைக்குப் புறப்படுகிறவன் எதிரில் வரக் கூடாது. ஆனால் அதே சீலை அவளுக்கு ஒரு காவலும்கூட. யாரும் ஒரு சொல் சொல்ல முடியாது. சுந்தராம்பாள் அந்தத் தண்டனையையே எடுத்துக் கேடயமாகப் பிடித்துக்கொண்டார். அதைப் பிடித்துக்கொண்டு லட்சம் வாங்கினார். சத்தியமூர்த்தியின் அழைப்பில் காங்கிரஸ் மேடை ஏறினார். 1951இல் சென்னை மேலவை உறுப்பினரானார். சினிமாக் கலைஞர் ஒருவர் சட்டமன்றத்துக்குள் போனது இந்தியாவிலேயே அதுதான் முதல் என்பார்கள். நாடகக்காரியாக இருந்திருந்தால் இவற்றில் எத்தனை கதவு திறந்திருக்கும்? அவரை அபலையாகப் பார்க்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அவர் விலை கொடுத்து வாங்கினார். கொடுத்த விலை என்ன என்பதைத்தான் நாம் கணக்குப் பார்க்கவில்லை.

ஔவையார் அந்தக் கணக்கைப் பார்க்கத் தோதான படம். ஜெமினி வாசன் தயாரிப்பு, கொத்தமங்கலம் சுப்பு டைரக்ஷன். யானைகள் கோட்டையை இடிக்கிற பிரம்மாண்டம் எல்லாம் இருக்கட்டும். ஆரம்பத்தில் வருகிற ஒரு சின்னக் கட்டம்தான் என் கவனத்துக்குரியது. கல்யாணத்துக்கு நாள் குறிக்கப்பட்ட இளம்பெண் பிள்ளையாரிடம் போய், எனக்கு இந்த இளமை வேண்டாம், கிழவியாக்கிவிடு என்று கேட்கிறாள். குசலகுமாரி அந்த இளம்பெண். பிள்ளையார் அருள்கிறார். குசலகுமாரி மறைந்து சுந்தராம்பாள் எழுகிறார். மற்றவர்களுக்கு இது தெய்வ அற்புதம். எனக்கு இது ஒரு நடிகையின் வாழ்க்கை வரலாறு. சமூகத்தில் சுதந்திரமாக நடமாட, ராஜ சபையில் நிமிர்ந்து பேச, ஊர் ஊராகத் தனியே போக, ஒரு தமிழ்ப் பெண் முதலில் தன் இளமையை ஒப்படைக்க வேண்டியிருக்கிறது. ஔவை கதையில் ஜனங்களின் கற்பனை கண்டுகொண்ட உண்மை அது. அதை நடித்துக் காட்டியவர் அதையே செய்துவிட்டு வந்தவர். அப்போது அவருக்கு நாற்பத்தைந்து வயது.

இந்தப் படத்தைப் பல வருஷம் கழித்து மறுபடி ஓட்டியபோது, மண் தரை டூரிங் கொட்டகையில், என் அம்மாயியோடு பார்த்தேன். முப்பது வயதில் வெள்ளைச் சீலை கட்டியவள் அவள். பக்கத்தில் இருந்தவர்கள் சாமி வந்தாற்போல் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மாயி கும்பிடவில்லை. "இவளுக்கெங்கடா வயசாச்சு? தொண்டையக் கேளு" என்றாள்.

சுந்தராம்பாளைப் பற்றி நான் கேட்ட விமர்சனங்களில் இதற்கு மேலானது ஒன்றில்லை. நரைத்த தலை, கூன், கோல், நெற்றி நிறைய விபூதி என்று உருவம் மொத்தமும் முதுமையைச் சொல்கிறது. வாயைத் திறந்தவுடன் அத்தனையும் பொய்யாகிவிடுகிறது. கூன் விழுந்த கிழவிக்கு அந்த மூச்சு வராது. அது தினைப்புனத்துப் பரணில் நின்று கவண் சுற்றுகிறவளின் மூச்சு. யதார்த்தவாதிகள் இதைக் குறை என்பார்கள். எனக்கு அவருடைய கலையே இந்த முரண்பாட்டில்தான் இருக்கிறதாகத் தோன்றுகிறது. சினிமா அவர் உடம்பை அழித்து எழுதிய இடத்திலெல்லாம் குரல் அந்த உடம்பைத் திரும்பக் கொண்டுவந்து நிறுத்துகிறது. பார்க்கிற கண்ணுக்கு ஔவை. கேட்கிற காதுக்கு வள்ளி. ஜனங்கள் கும்பிட்டது எதை என்று அவர்களுக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்.

டைரக்டர்களுக்குத் தெரியவில்லை என்பது மட்டும் நிச்சயம். தெரிந்திருந்தால் காமிராவை அருகில் கொண்டுபோயிருப்பார்கள். ஔவையாரில் பாட்டு வரும்போதெல்லாம் காமிரா மரியாதையாகத் தூரத்தில் நிற்கிறது. கோயில் மண்டபத்துத் தூண் மாதிரி ஒரு சட்டகம். அவர் ஒரு சொல்லைத் தாங்கி நிறுத்தும்போது கழுத்து நரம்பு என்ன செய்கிறது, கண் எங்கே போகிறது, பாட்டு முடிந்த அடுத்த க்ஷணம் அந்த முகத்தில் என்ன மிஞ்சுகிறது என்று ஒரு தரமாவது பொறுத்திருந்து பார்த்திருக்கலாம். மாமூலியன் கப்பல் முனையில் காத்திருந்தார். நம்மவர்கள் பாட்டு முடிந்ததும் வெட்டிவிட்டார்கள். நாடகத்தைப் படம் பிடித்தார்கள் என்று நாம் சொல்கிற குற்றச்சாட்டு டைரக்டர்கள் மேல் வைக்க வேண்டியது. நடிகையின் தலையில் கட்டிவிட்டோம்.

பூம்புகாரின் கதை இன்னும் விசித்திரமானது. மு. கருணாநிதியின் வசனம், ப. நீலகண்டன் டைரக்ஷன், முருக பக்தையான காங்கிரஸ்காரி ஒரு திராவிட இயக்க எழுத்தில் சமணத் துறவியாக வருகிறார். இறைவனைப் பற்றிக் கேள்வி எழுப்பிப் பதிலும் சொல்லிக்கொள்கிற பாட்டு அவருக்கு. எழுத்து யாருடையதாக இருந்தாலும் சரி, கேள்வி-பதில் என்று வந்தவுடன் அவர் தன் வீட்டுக்குள் நுழைந்தவர்போல் ஆகிவிடுகிறார். கவுந்தி அங்கே கோவலனுக்கும் கண்ணகிக்கும் வழித்துணை மட்டும். இன்னொருத்தியிடம் போய்த் திரும்பிய கணவனோடு ஒருத்தி நடந்து போகிறாள். அவர்கள் பின்னால் நடக்கிறவர் சுந்தராம்பாள். கிட்டப்பாவுக்குக் கடிதங்கள் எழுதிய பெண்ணைத் தமிழ் சினிமா அந்தக் கதைக்குள் கொண்டுபோய், கதையில் பட்டுக்கொள்ளாத ஒரே பாத்திரத்தில் வைத்தது.

திருவிளையாடலும் கந்தன் கருணையும் ஏ.பி. நாகராஜன் படங்கள். அவருக்கு நாடகமும் தெரியும், ஜனங்களும் தெரியும். முதல் படத்தில், பழத்துக்காகக் கோபித்துக்கொண்டு மலையேறிய பாலமுருகனை ஔவை போய்ச் சமாதானம் செய்கிறாள். இரண்டாவதில் முருகன் கேட்கக் கேட்க ஔவை பாட்டால் பதில் சொல்கிறாள். தமிழ்நாட்டில் இந்தப் பாட்டுகளைக் கேட்காத காது இல்லை. தைப்பூசத்துக்கு எங்கள் ஊர்ப் பக்கம் வந்தால் மருதமலையிலிருந்து சென்னிமலை வரைக்கும் பனைமரத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கியில் விடியற்காலம் நாலு மணிக்கே கேட்கலாம். ஆனால் இதன் வடிவம் எது என்று யோசித்தோமா? வள்ளி திருமணத்தின் தர்க்கம் இது. அதே முருகன். அதே கோபதாபம், அதே விட்டுக்கொடுக்காத கேள்வி-பதில். இருபது வயதில் அவன் எதிரே காதலியாக நின்று மடக்கியவர் ஐம்பத்தேழு வயதில் அவன் எதிரே பாட்டியாக நின்று தாங்குகிறார். எதிரில் நின்ற கிட்டப்பா போய், அந்த இடத்தில் ஒரு சின்னப் பையன் நிற்கிறான். எதிராளியின் இடம் மட்டும் காலியாகவே இல்லை. ஊடலை வாத்ஸல்யமாக மாற்றிக்கொள்ள அனுமதித்தது சமூகம்; அதற்குள்ளேயே ஊடலின் சுருதியைக் குறையாமல் காப்பாற்றிக்கொண்டார் கலைஞர். சாகசம் என்று ஏதாவது இருந்தால் அது இதுதான். லட்ச ரூபாயெல்லாம் அப்புறம்.

1969இல் துணைவன். கோவைக்காரரான சாண்டோ சின்னப்பா தேவரின் படம், மறுபடியும் முருகன். அந்த வருஷத்துச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது அவருக்குக் கிடைத்தது. 1970இல் பத்மஸ்ரீ. விருதுகள்கூட அவரைப் பாடகி என்றே கௌரவித்தன என்பதைக் கவனிக்க வேண்டும். நடிகை என்ற சொல்லை யாரும் அவருக்குக் கொடுக்கத் துணியவில்லை.

கடைசியில் காரைக்கால் அம்மையார். மாங்கனி கேட்ட கணவன், மனைவி தெய்வப் பிறவி என்று பயந்து ஓடி, வேறு ஊரில் வேறு மணம் செய்துகொள்கிறான். அவனுக்காகத் தாங்கிய சதைப் பொதி இனி எனக்கெதற்கு என்று கழற்றிப் போடுகிறாள் புனிதவதி. இளைய புனிதவதியாக லட்சுமி. சதையைக் கழற்றிய பிறகு சுந்தராம்பாள். குசலகுமாரி மறைந்து ஔவை எழுந்தது போலவே இங்கும். இருபது வருஷ இடைவெளியில் இரண்டு தரம் இளம்பெண்ணின் வேடத்தை வேறொருத்தி நடிக்க, இளமை தீர்ந்த இடத்தில் இவர் தொடங்குகிறார். ஆசைப்படுகிற பாதி எப்போதும் இன்னொருத்திக்கு. கடந்துவிட்ட பாதி இவருக்கு. 1973இல் அவருக்கு அறுபத்தைந்து வயது, லட்சுமி நடித்ததை இவர் நடித்திருக்க முடியாது. ஆனால் 1935இல் முடிந்திருக்கும். 1940இல் முடிந்திருக்கும். அந்த வருஷங்களில் ஒரு முழுப் பெண்ணாக, கோபித்துக்கொள்கிற, கேட்டு வாங்குகிற, கைவிடப்பட்டபின் கணக்குக் கேட்கிற ஒருத்தியாக அவரை வைத்து ஒரு படம் எடுக்கத் தமிழில் ஆளில்லை. எடுத்திருந்தால் பார்க்கவும் ஆள் இருந்திருக்காது. ஆண் நடிகர்களில் யாரிடமாவது இப்படி ஒரு விலை கேட்கப்பட்டதா? கிட்டப்பாவுக்கு இரண்டு மனைவிகள் இருந்ததைத் தமிழ்நாடு ஒரு குறையாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

1980இல் சுந்தராம்பாள் இறந்தார். கடிதங்கள் இருக்கின்றன, பாட்டுகள் இருக்கின்றன. கடிதம் எழுதியவள் வேறு, பாடினவர் வேறு என்று நமக்குப் பழக்கப்படுத்தியிருக்கிறார்கள். கடிதங்களைப் படித்துவிட்டு, அன்றைக்கே, திருவிளையாடலில் அவர் அந்தச் சிறுவனோடு வாதிடுவதைக் கேளுங்கள். திரையைப் பார்க்க வேண்டாம். ஔவை எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறாள் என்று நானும் பார்க்கிறேன்.